கிட்னி மாற்றுக்குப் பிறகும் பகலில் கண் சொக்குகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

எனக்கு அம்மாவின் கிட்னியைப் பொருத்தி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மாற்று நடந்த ஒன்பதாம் மாதம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) நல்ல நிலையில் இருந்த சமயத்தில், ஒரு பிற்பகல் மெஷினை மிதித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். இடது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்துக்கொண்டு ஊசி இறங்கியது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அது சின்னக் காயம் இல்லை.

ஓ.பி. நாளில் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பது அன்றிலிருந்து என் வழக்கம். “டயாலிசிஸ் நாட்களுக்கு இது எவ்வளவோ மேல் அக்கா” என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. பகல் தூக்கத்துக்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் வரிசை முக்கியம். நான் வரிசை தெரியாமல் நான்கு மாதங்களை வீணாக்கினேன்.

1. முதலில் இதைப் பாருங்கள்: காத்திருக்கக் கூடாத தூக்கம்

கீழே சொல்வதெல்லாம் வாரக்கணக்கில் செய்கிற வேலை. சில அறிகுறிகளுக்கு அந்த அவகாசமே கிடையாது.

தூக்கத்தோடு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைதல், முகமோ காலோ வீங்குதல், மாற்றுக் கிட்னி இருக்கும் அடிவயிற்றில் வலி, மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டாம். அன்றே உங்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் போங்கள். தொற்றும், உடம்பு புதுக் கிட்னியை ஏற்க மறுக்கும் நிராகரிப்பும் இப்படியும் தலைகாட்டும்.

இன்னொன்று, பகலில் கண் சொக்குகிறது என்று தெரிந்தபின் காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வண்டியில் ஒரு நொடி கண் மூடினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கிரேன், லேத், பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

2. கையில் தேவையானவை

ஒரு நோட்டுப் புத்தகம், அதோடு நூலில் கட்டிய பேனா. (பேனாவைத் தேடும் நேரத்தில்தான் எழுதாமல் விடுகிறோம்.) ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அளவுக் கோடு உள்ள பிளாஸ்டிக் மக். குரல் பதிவு செய்யும் செல்போன். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட. இவற்றோடு, உங்கள் அறையிலேயே படுக்கும் ஒருவர்.

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அந்த இரண்டு வாரமும் எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நேரம் மாற்றவோ கூடாது. நிலைமை உள்ளபடி பதிவாகவில்லை என்றால் மருத்துவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

3. தூக்கத்தையும் அசதியையும் பிரியுங்கள்

“சோர்வாக இருக்கிறது” என்று ஒரே வார்த்தையில் சொல்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தூக்கம் வேறு, அசதி வேறு. இரண்டுக்கும் காரணங்கள் வேறு என்பதால் மருத்துவர் தேட வேண்டிய திசையும் மாறிவிடுகிறது.

சுலபமான சோதனை ஒன்று உண்டு. மதியம் இரண்டு மணிக்குப் படுங்கள். சில நிமிடங்களில் தூங்கிவிட்டால் அது தூக்கம். உடம்பு கட்டையாகக் கிடக்கிறது, கண் மட்டும் விழித்திருக்கிறது என்றால் அது அசதி. முதலாவதில் இரவுத் தூக்கத்தையும் மாத்திரைகளையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவதில் இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, தசை வலுக்குறைவு ஆகியவை முன்னால் வரும். எனக்கு இரண்டுமே இருந்தன. பலருக்கும் அப்படித்தான், எது அதிகம் என்று தெரிந்தாலே போதும்.

4. எட்டுக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடுங்கள்

எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1991-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் வெளியிட்டது. எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும்: உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, காரில் ஒரு மணி நேரம் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் படுத்திருக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது அருந்தாமல் மதிய உணவு முடித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கும்போது. மொத்தம் 24. பத்துக்கு மேல் வந்தால் பகல் தூக்கம் இயல்பைவிட அதிகம்.

இதில் நம் பகுதி ஆட்கள் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. “நான் காரிலேயே போவதில்லை” என்று அந்த இரண்டு கேள்விகளுக்கும் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். திருவொற்றியூரிலிருந்து பிராட்வே வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் போடுங்கள். ஷேர் ஆட்டோவில் ரயில்வே கேட்டில் நிற்கும் நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். எட்டு என்று சொன்ன ஒரு தம்பிக்கு இப்படிக் கேட்டதும் பதிமூன்று வந்தது.

கடந்த சில வாரங்களின் வழக்கத்தை எழுதுங்கள், நேற்று நடந்ததை மட்டும் அல்ல. எனக்கு முதலில் வந்தது 15.

5. இரண்டு வார நோட்டு

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். படுத்த நேரம், தூங்கிய நேரம் (தோராயமாக), இரவில் எழுந்த தடவைகள், ஒவ்வொரு தடவையும் ஏன் எழுந்தீர்கள், காலையில் எழுந்த நேரம், பகலில் தூங்கிய நிமிடங்கள், டீ காபி குடித்த நேரம், மாத்திரை சாப்பிட்ட நேரம்.

“ஏன் எழுந்தேன்” என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். முழு நோட்டின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. சிறுநீருக்காக, கால் குடைச்சலால், மூச்சு முட்டி, வியர்த்து, கொசுவால், தண்ணீர் லாரிச் சத்தத்தால், பயத்தால் என்று உள்ளதை எழுதுங்கள். காசிமேட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் விடியலுக்கு முன்பே மீன் வண்டிச் சத்தத்தில் விழிப்பதை நோயாக எண்ணிக் கவலைப்படுகிறார்கள். காரணத்தை எழுதினால் அதுவும் தெளிவாகிவிடும்.

ஓ.பி.-க்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து பதினான்கு வரிகளையும் ஒரே மூச்சில் நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும் அந்த நோட்டால் ஒரு பயனும் இல்லை.

6. மாத்திரைகளை மணியோடு எழுதுங்கள்

டாக்ரோலிமஸ், கிட்னி நிராகரிக்கப்படாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை. அது இரு வேளை என்றால் நடுவில் 12 மணி நேரம். இதில் சமரசம் கிடையாது. ஆனால் எந்த 12 மணி என்பதில் பேசி முடிவு செய்ய இடம் உண்டு. காலை ஆறு, மாலை ஆறு என்று ஆரம்பத்தில் பழகிவிட்டு, இரவு ஒரு மணிக்குத் தூங்குகிற வீட்டில் ஐந்தரைக்கே அலாரம் வைத்து எழுந்து தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதுக்கு ஒன்பது என்று மாற்றலாமா, மாற்றினால் எந்த நாளில், எப்படி என்று குழுவிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகே சாப்பிட வேண்டும். முன்பே சாப்பிட்டுவிட்டால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு. அதை இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும். அதனால்தான் காலை உணவுக்குப் பின் தருகிறார்கள். உங்கள் சீட்டில் இரண்டாம் வேளையும் இருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்து, தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளைத் தனியாக வட்டமிடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் செட்ரிசின் போன்றவை, நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், காபாபென்டின் (இவை கிட்னி வழியாக வெளியேறுகின்றன, கிட்னியின் வேகத்துக்கு ஏற்ப அளவு குறைய வேண்டும்), இரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், மெட்டோப்ரோலால். வட்டமிடுவதோடு உங்கள் வேலை முடிந்தது. இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

தூக்க மாத்திரை வாங்கித் தின்று பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். குறட்டையோடு மூச்சு நிற்கும் கோளாறு இருந்தால் சில தூக்க மாத்திரைகள் அதை மோசமாக்கும். நாட்டு மருந்து, லேகியம், மூலிகைப் பொடி எதுவானாலும் குழுவிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைக் கிளரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃபுளுகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கானது) போன்ற மருந்துகளும் பம்ப்ளிமாஸ் பழமும் ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கடுமையாக இறக்கிவிடும்.

7. இரவுச் சிறுநீரை அளந்து பாருங்கள்

என் பிரச்சினையில் பாதி இங்கேதான் இருந்தது. அதனால் நிறுத்திச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் காலத்தில் சிறுநீரே வராமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை சுருங்கிப்போயிருக்கும். புதுக் கிட்னி வேலை செய்யத் தொடங்கியதும் நிறையச் சிறுநீர் வரும், பைக்குள் இடம் போதாது. இரவில் நான்கைந்து முறை எழுந்தால் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். மாதங்கள் போகப்போகப் பை விரிந்துகொடுக்கும். அதுவரை செய்ய வேண்டியது இது.

ஒரு நாள், 24 மணி நேரமும் மக்கில் அளந்து எழுதுங்கள். என் மக்கில் கோடுகள் அழிந்துபோயிருந்தன. மகள் தன் நகச்சாயத்தால் 100, 200, 300 என்று சிவப்புக் கோடு போட்டுக்கொடுத்தாள். படுத்த பிறகு வருவதும், காலை எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரும் இரவுக் கணக்கு. மற்றதெல்லாம் பகல் கணக்கு. ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, 100 மில்லி அளவில் வந்தால் சிறுநீர்ப்பையைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் 300, 400 என்று வந்து, இரவுக் கணக்கு முழு நாளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரவில் சிறுநீர் அதிகம் உற்பத்தியாகிறது என்று பொருள். எரிச்சலோ நாற்றமோ இருந்தால் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

இரவில் ஏன் அதிகம்? மாலையில் மொத்தமாகத் தண்ணீர் குடிப்பது ஒரு காரணம். பகல் முழுவதும் தொங்கவிட்ட காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்புவது இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வீக்கம் வருவது சாதாரணம். மூச்சு நிற்கும் கோளாறும், கட்டுப்படாத சர்க்கரையும்கூட இதைச் செய்யும்.

எனவே மருத்துவர் சொன்ன அளவுத் தண்ணீரைக் குறைக்காமல், குடிக்கும் நேரத்தை மட்டும் முன்னே தள்ளுங்கள். எனக்கு மூன்று லிட்டர். மதியம் ஒரு மணிக்குள் ஒன்றரை, மாலை ஆறரைக்குள் இன்னொரு லிட்டர், மீதி அரை லிட்டர் இரவு உணவுக்கும் மாத்திரைக்கும். மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுப்பேன். பத்து நாளில் ஐந்து தடவை இரண்டாகக் குறைந்தது.

இங்கே நடக்கும் பெருந்தவறு, தூக்கத்துக்காகத் தண்ணீரையே குறைப்பது. நம் ஊர் வெயிலில் அது கிட்னியை நேராகத் தாக்கும், கிரியாட்டினின் ஏறும்.

கழிப்பறை வீட்டுக்கு வெளியேயோ கீழ்த்தளத்திலோ பொதுவாக இருக்கிற லைன் வீடுகளில், படியிறங்கிப் போய் வருவதற்குள் தூக்கம் முழுவதும் கலைந்துவிடும். மூடியுள்ள ஒரு பாத்திரத்தை அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மங்கலான ஒரு விளக்கும் போதும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டால் எலும்பு வலுவிழந்தவர் இருட்டில் படியில் விழுவதுதான் பெரிய துன்பம்.

8. இரத்தப் பரிசோதனையில் எதைக் கேட்பது

வழக்கமான ஓ.பி. இரத்தத்தோடு சேர்த்தே பார்க்கக் கேட்கலாம்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் உள்ளிட்ட இரும்புச்சத்து அளவுகள், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சர்க்கரை.

ஹீமோகுளோபின் குறைவதற்குக் கிட்னி மட்டும் காரணமல்ல. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மைகோபீனோலேட், தொற்றைத் தடுக்கத் தரும் வால்கான்சிக்ளோவிர், கோ-ட்ரைமாக்சசோல் ஆகியவையும் இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும். அதனால்தான் தானாக இரும்பு மாத்திரை வாங்கிப் பயனில்லை.

சர்க்கரையில் ஒரு நுணுக்கம். காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் இழுக்கிறது என்றால், அந்த நேரத்துச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல் குடைகிறது, எழுந்து நடந்தால் விடுகிறது என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணம். சளி மாத்திரைகள் சில அதைக் கூட்டும்.

9. குறட்டையைப் பதிவு செய்யுங்கள்

குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். ஸ்டீராய்டால் எடை கூடி, கழுத்து பருத்தவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரக்கூடும். மூளை ஒவ்வொரு முறையும் அரைகுறையாக விழிக்கும், உங்களுக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத உடம்பாக எழுவீர்கள்.

பெண்கள் இதைச் சொல்வதே இல்லை. நானும் சொல்லவில்லை. என் கணவர் செல்போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தார். காலையில் கேட்டோம். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறது. சுவர்க் கடிகாரத்தின் டிக் ஒலி மட்டும் கேட்கிறது. எண்ணினேன், பதினெட்டு. பிறகு தண்ணீரில் மூழ்கியவள் மேலே வருவதுபோல் ஒரு இழுப்பு. அந்த ஒரு நிமிடப் பதிவை மருத்துவருக்குப் போட்டுக் காட்டியதும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பரிசோதனையில், மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள். 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. சி-பேப் என்ற காற்றழுத்த இயந்திரம் தேவைப்படலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த நமக்கு முகமூடியைத் தினமும் கழுவிக் காயவைப்பதும், ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றித் தினமும் மாற்றுவதும் கட்டாயம். முதல் வாரம் முகமூடி பிடிக்காமல் கழற்றிப் போடுகிறவர்கள் அதிகம். முகமூடியின் அளவை மாற்றிக் கேளுங்கள், இயந்திரத்தையே ஒதுக்கிவிடாதீர்கள்.

மல்லாந்து படுத்தால் இந்தக் கோளாறு கூடும். புதுக் கிட்னி நசுங்கிவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் மல்லாந்தே படுக்கிறார்கள். நான் ஒன்பது மாதம் அப்படிப் படுத்தேன். காயம் ஆறிய பிறகு பக்கவாட்டில் படுக்கலாமா என்று அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எனக்கு மூன்றாம் மாதமே படுத்திருக்கலாமாம், நான் கேட்கவில்லை.

10. மனம்

கிட்னி கொடுத்தவர் அதே வீட்டில் இருக்கும்போது “எனக்கு முடியவில்லை” என்று சொல்ல நா எழாது. அம்மா சமையலறையில் வயிற்றுத் தழும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிவதைப் பார்த்துவிட்டு, நான் எப்படிப் படுத்துத் தூங்குவேன்? இரவில் “நிராகரித்துவிட்டால்?” என்ற பயம், பகலில் குற்ற உணர்வு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்மை, அழுகை, விடியற்காலை விழிப்பு இருந்தால் அதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளிலும் டாக்ரோலிமஸோடு மோதுபவை உண்டு, அதனால் மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்குத் தெரிந்தே தொடங்க வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416.

11. வாழ்க்கைத் தரத்துக்கு உங்கள் அளவுகோல் மூன்று

மருத்துவர்கள் 36 கேள்விகள் கொண்ட எஸ்.எஃப்.-36 போன்ற படிவங்களால் இதை அளக்கிறார்கள். உங்களுக்கு மூன்று போதும், உங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்தவையாக இருக்கட்டும். என்னுடையவை: ஒரு நாளில் தவறில்லாமல் தைத்த ஜாக்கெட்டுகள், எம்.சி. ரோட்டில் மகளோடு உட்காராமல் நடந்த கடைகள், மாலை அவள் பள்ளிக்கதை சொல்லும்போது கடைசிவரை விழித்திருந்தேனா. “நன்றாக இல்லை” என்று மருத்துவரிடம் சொல்வதைவிட “ஆறு தைத்த இடத்தில் இரண்டுதான் தைக்கிறேன்” என்று சொல்வது வேலை செய்யும்.

பகல் தூக்கம் தவிர்க்க முடியாது என்றால் மூன்று மணிக்கு முன், அரை மணிக்குள், அலாரம் வைத்து. நீண்டால் இரவுத் தூக்கம் போய்விடும். இரவு ஷிப்ட் வேலையில் இருக்கிறவர்கள், மாத்திரை நேரம் சிதறுவதைக் காரணம் காட்டிப் பகல் ஷிப்டுக்கு மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள்.

12. ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்

ஓ.பி.-யில் கிடைப்பது சில நிமிடங்கள். முழு நோட்டையும் நீட்டாதீர்கள். அது பையில் இருக்கட்டும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் இவ்வளவு போதும்:

“எப்வொர்த் 15. தூக்கம் அதிகம், அசதியும் உண்டு. இரவில் ஐந்து முறை சிறுநீருக்கு, தடவைக்கு 300 மில்லி. குறட்டை, மூச்சு நிற்கிறது, பதிவு இருக்கிறது. மாற்றுக்குப் பின் எடை 11 கிலோ கூடியது. செட்ரிசின் வாரம் மூன்று நாள். ஒரு முறை மெஷினில் தூங்கிக் காயம்.”

நான் கொண்டுபோன தாள் இதுதான். அதை மருத்துவர் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் நான்கு மாதமாக “டயர்டாக இருக்கிறது டாக்டர்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாற்றங்களை ஒரே நேரத்தில் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது. எனவே எதை முதலில் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து ஒரு தேதியை அந்தத் தாளிலேயே குறித்து, அன்று அதே எட்டுக் கேள்விகளுக்கு மீண்டும் மதிப்பெண் போடுங்கள். பழைய எண்ணைப் பார்க்காமல் போடுங்கள்.